வலி போச்சு... வயிறு?

1763-ம் வருடம், ஏப்ரல் 25. இங்கிலாந்தில் சிப்பிங் நார்ட்டன் என்கிற ஊரைச் சேர்ந்த ஒரு பாதிரியார், லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பெயர், எட்வர்ட் ஸ்டோன். (கடிதத்தை அச்சிட்டவர்கள் தலைப்பில் ‘எட்மண்ட்’ என்று போட்டுவிட்டது தனி சோகம்!) விஷயம் இதுதான். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், வில்லோ மரத்தின் பட்டையைச் சும்மா கடித்துப் பார்த்திருக்கிறார். அப்படியொரு கசப்பு! அந்தக் கசப்பு அவருக்கு சின்கோனா பட்டையை ஞாபகப்படுத்தியது. அன்றைய தேதியில் குளிர்ஜுரத்துக்கு அதுதான் மருந்து. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டும். விலையைக் கேட்டாலே இன்னொரு ஜுரம் வரும்.

வில்லோவோ வாய்க்கால் கரையில் கேட்பாரற்று வளர்ந்து கிடக்கிறது. தவிர, பாதிரியாருக்கு ஒரு நம்பிக்கை. ஈரமான இடங்களில்தான் குளிர்ஜுரம் வருகிறது. அதற்கான மருந்தையும் ஆண்டவர் அதே ஈரத்தில்தானே வைத்திருப்பார்? பட்டையை உரித்து, ரொட்டிக்கடை அடுப்புக்கு வெளியே மூட்டையாகக் கட்டி மூன்று மாதத்துக்கு மேல் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்தார். பெரும்பாலோருக்கு ஜுரம் தணிந்தது. கணக்கு தப்பு, விடை சரி!

நம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில், ‘‘அண்ணே, இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க’’ என்று கேட்டு வாங்கி, பஸ்ஸுக்கு நின்றபடியே முழுங்கிவிட்டுப் போகிறோமே... அந்தக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆனால், அந்தக் கதையின் கூடவே நிழல் மாதிரி இன்னொரு கதையும் வருகிறது. வயிற்றின் கதை!

பட்டையில் இருந்த சரக்கைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து சாலிசிலிக் அமிலம் என்ற ஒன்றை 19-ம் நூற்றாண்டு கெமிஸ்டுகள் உண்டாக்கினார்கள். 1870-களில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் அதைத் தொழிற்சாலையில் வைத்து மலிவாகத் தயாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டுவாதக்காரர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். ஒரே சிக்கல், குடித்தவர்களுக்கு நெஞ்சும் வயிறும் எரிந்தது. குமட்டல், வாந்தி, காதில் ‘ஙொய்’ என்று சத்தம். மூட்டுவலியே தேவலை என்று சிலர் மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, அப்போதே கேள்வி பிறந்துவிட்டது. வலியை மட்டும் விரட்டி, வயிற்றை விட்டுவைக்கிற மருந்து ஒன்று கிடைக்குமா?

1897-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி, ‘இதோ!’ என்றது. அங்கே வேலை பார்த்த ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்கிற இளம் கெமிஸ்ட், சாலிசிலிக் அமிலத்தில் சின்னதாக ஒரு மாற்றம் செய்து சுத்தமான பொடியாகத் தயாரித்தார். மூட்டுவாதத்தில் அவதிப்பட்ட தன் அப்பாவுக்காகத்தான் செய்தார் என்று ஒரு செண்டிமென்ட் கதை உண்டு. இன்னொரு கதையும் உண்டு. ஆர்தர் ஐக்கன்க்ரூன் என்கிற யூதர், ‘யோசனை என்னுடையது, ஹாஃப்மன் நான் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான்’ என்றார். எப்போது சொன்னார்? ஹிட்லரின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்டு, உயிரோடு மீண்டு வந்து, 1949-ல்! அதே வருடம் இறந்தும் போனார். மியூனிக் மியூசியத்தில் ஆஸ்பிரினைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வேறு இருவர் பெயரை எழுதியிருந்ததையும், அதே மியூசியத்தின் வாசலில் யூதர்களுக்கு அனுமதியில்லை என்று போர்டு தொங்கியதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். 2000-ம் வருடம் வால்டர் ஸ்னீடர் என்கிற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் பழைய காகிதங்களைப் புரட்டிப்பார்த்து, ‘ஐக்கன்க்ரூன் சொன்னது சரிதான்’ என்றார். கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கென்னவோ, ஐக்கன்க்ரூன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப்படுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. பேயர் கம்பெனியில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பில் இருந்தவர் ஹைன்ரிக் ட்ரெஸர். புது மருந்து இதயத்தை பலவீனமாக்கும் என்று சொல்லி ஆரம்பத்தில் ஓரம்கட்டினார். அதே சமயம் ஹாஃப்மன் தயாரித்த வேறொரு சரக்கின் மீது அவருக்கு அலாதிப் பிரியம்! இருமலுக்கு உசிதமான மருந்து என்று அதைக் கம்பெனி விற்றது. அதன் பெயர், ஹெராயின்!

எப்படியோ, 1899-ல் ‘ஆஸ்பிரின்’ என்று பெயர் சூட்டி வெளியே விட்டார்கள். உலகமே வாங்கி முழுங்கியது. வயிற்றுக்கு ரொம்ப சாது என்று பெயர் வேறு. அந்தப் பெயர் சுமார் நாற்பது வருடங்கள் நிலைத்தது. 1938-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டவுத்வெயிட், லின்டாட் என்கிற இரண்டு டாக்டர்கள், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் வாய் வழியே குழாயை விட்டு வயிற்றுக்குள் நேரடியாகப் பார்த்தார்கள். வயிற்றுச் சுவரில், மாத்திரைத் துணுக்கு பட்ட இடமெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. சில இடங்களில் ரத்தம்!

‘சரி, மாத்திரை நேரடியாகப் பட்டுத்தானே புண் வருகிறது? படாமல் பார்த்துக்கொண்டால் போச்சு!’ என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நம்மில் பலர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்கு அப்புறம் வருவோம். நடுவில் ஓர் அருமையான மனிதர் காத்திருக்கிறார்.

ஸ்டூவர்ட் ஆடம்ஸ். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ‘பூட்ஸ்’ என்கிற மருந்துக்கடை ஒன்றில் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தவர். அப்புறம் பார்மசி படித்து, டாக்டர் பட்டமும் வாங்கி, அதே கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தார். 1953-ல் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, மூட்டுவாதக்காரர்களுக்கு ஆஸ்பிரினுக்கு மாற்றாக ஒன்றைக் கண்டுபிடிப்பது. ஏனென்றால், மூட்டுவாதம் அடங்கவேண்டுமானால் ஆஸ்பிரினை ஏகப்பட்ட அளவில் சாப்பிடவேண்டியிருந்தது. வயிறு தாங்கவில்லை.

நாட்டிங்ஹாம் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டின் முன்னறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். ஜான் நிக்கல்சன் என்கிற கெமிஸ்ட் புதுப்புது சரக்காகத் தயாரித்துக் கொடுப்பார். ஆடம்ஸ் சோதித்துப் பார்ப்பார். 600-க்கும் மேற்பட்ட சரக்குகள். ஒன்று வேலை செய்யாது, இன்னொன்று தோலில் சொறியைக் கிளப்பும். ‘இபுஃபெனாக்’ என்று ஒன்று தேறி, பிரிட்டனில் விற்பனைக்கே வந்துவிட்டது. பிறகு பார்த்தால், சாப்பிட்ட சிலருக்கு மஞ்சள் காமாலை! கல்லீரலைத் தொட்டுவிட்டது. 1968-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த இபுஃபெனாக்கோடு ஒரே ஒரு கார்பன் அணுவும் அதைச் சுற்றி இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? ஐபுப்ரோஃபென்! 1961-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1969-ல் டாக்டர் சீட்டோடு விற்பனை. நம்மூரிலும் ‘புரூஃபென்’ என்ற பெயரில் பிரபலமான அதே சரக்குதான். மாஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் முதல் பேச்சாளர் ஆடம்ஸ். முந்தின ராத்திரி நண்பர்களோடு கொஞ்சம் ‘உற்சாகமாக’ இருந்துவிட்டதால் காலையில் தலைவலி. தன் மருந்தையே 600 மில்லிகிராம் போட்டுக்கொண்டு மேடையேறினார். தலைவலி பறந்துவிட்டது என்று பின்னாளில் அவரே சிரித்தபடி சொல்வார். 2019-ல், 95 வயதில் காலமானார்.

வேடிக்கை என்னவென்றால், 600 சரக்குகளைச் சலித்துப் பார்த்த ஆடம்ஸுக்கும் அவை எப்படி வலியைக் குறைக்கின்றன என்பது தெரியாது. யாருக்குமே தெரியாது! ஆஸ்பிரின் வந்து எழுபது வருடமாகியும் தெரியாது. 1971-ல்தான் ஜான் வேன் என்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கினிப் பன்றியின் நுரையீரலை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் முடிச்சை அவிழ்த்தார். (1982-ல் நோபல் பரிசு.)

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கால் சுளுக்கிக்கொண்டால், அங்கேயுள்ள செல்கள் ‘ப்ராஸ்டாக்ளாண்டின்’ என்கிற சரக்கைத் தயாரிக்கின்றன. வலி, வீக்கம், சூடு எல்லாம் அதன் கைங்கரியம். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபினாக்கும், அதைத் தயாரிக்கிற ‘காக்ஸ்’ என்கிற நொதியை முடக்கிப்போடுகின்றன. உற்பத்தி நின்றதும் வலி குறைகிறது. இதுவரை சந்தோஷம். ஆனால், ப்ராஸ்டாக்ளாண்டின் வெறும் வில்லன் இல்லை. வயிற்றுக்குள்ளே சுரக்கிற அமிலம் வயிற்றையே அரித்துவிடாமல், உள்சுவருக்குக் கொழகொழவென்று ஒரு பூச்சு பூசிக் காப்பாற்றுவதும் அதே சரக்குதான். சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போகும்படி குழாய்களைத் திறந்து வைப்பதும் அதுவேதான். மாத்திரைக்கு, ‘இது முட்டி, இது வயிறு’ என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. போகிற இடமெல்லாம் உற்பத்தியை நிறுத்துகிறது.

‘ஊசியா போட்டுடுங்க டாக்டர், மாத்திரை எனக்கு வயித்தைப் புண்ணாக்கிடும்’ என்று சிலர் கேட்பார்கள். ஊசி போட்டாலும் சரக்கு ரத்தம் வழியாக வயிற்றுச் சுவருக்குப் போய்ச் சேரத்தான் செய்யும். மேல்பூச்சு போட்ட மாத்திரையும் அப்படியே. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் எரிச்சல் குறையும், நல்ல பழக்கம்தான். ஆனால், வயிறு நிறைய இட்லி சாப்பிட்டதால் புண்ணே வராது என்று நினைத்தால், ம்ஹூம்! அதனால்தான் ஏற்கெனவே அல்சர் வந்தவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள், ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக இதைத் தொடக்கூடாது என்கிறார்கள். நீண்ட நாள் சாப்பிட்டே ஆகவேண்டியவர்களுக்கு வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையையும் டாக்டர் சேர்த்து எழுதுவது இதற்காகத்தான். ‘எதுக்கு ரெண்டு?’ என்று அதை மட்டும் வாங்காமல் விடுகிற புத்திசாலிகள் நம் வீடுகளில் உண்டு!

சிறுநீரகம் என்றேன் இல்லையா? அதற்கு ஒரு பயங்கரமான சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. கழுகுகள்... சரியாகச் சொன்னால், பாறுகள். பிணம் தின்னிக் கழுகுகள். 1990-களில் இந்தியா முழுக்கக் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் நடுவே 99 சதவிகிதத்துக்கு மேல் அழிந்துபோனது. ஏதோ வைரஸ் என்று வெகுநாள் தேடினார்கள். 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் என்கிற அமெரிக்கரின் குழு பாகிஸ்தானில் நடத்திய ஆராய்ச்சியில் உண்மை வெளியே வந்தது. மாட்டுக்கு வலி நீங்க டைக்ளோஃபினாக் போடுகிறார்கள். மாடு செத்தால் பாறு தின்கிறது. அந்தச் சொற்ப மருந்திலேயே அதன் சிறுநீரகம் நின்றுபோகிறது. உள்ளுறுப்புகள் மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்தமாதிரி யூரிக் அமிலம்!

மனிதர்கள் பாறு அளவுக்கு மென்மையானவர்கள் இல்லை. ஆனாலும் சிறுநீரகம் நமக்கும் உண்டு. 2006-ல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கை அரசாங்கம் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குக் குத்த ஆரம்பித்தார்கள். அதனால் 2015-ல், ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் ஒரு குப்பியில் அடைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில், உத்தரவு செல்லும் என்று 2017-ல் தீர்ப்பு சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

மனிதர்களில் யாருக்கு ஆபத்து? உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் இதை முழுங்குபவர்களுக்கு. சித்திரை வெயிலில் நாளெல்லாம் கட்டட வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் உடம்புவலிக்கு ஒன்று போட்டுக்கொள்பவர், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடப்பவர், பி.பி-க்கு மாத்திரையும், நீர் பிரிவதற்கு மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பாட்டி. இவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கிற கையையும் மாத்திரை எடுத்துவிடுகிறது.

டெங்கு இன்னொரு வம்பு. அதில் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தம் உறைவதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு. சிக்குன்குனியாவும் டெங்குவும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி ஜுரமும் மூட்டுவலியுமாகத்தான் வரும். டெங்கு இல்லை என்று தெரிகிற வரை வெறும் பாரசிட்டமால் போதும் (அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல).

இனி, கடைசி அத்தியாயம். 1990-களின் தொடக்கத்தில், காக்ஸ் ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முதலாவது வயிற்றைக் காக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிறது. ஆஹா! இரண்டாவதை மட்டும் முடக்கினால்? பாதிரியார் காலத்திலிருந்து தேடிய மருந்து கிடைத்துவிட்ட மாதிரிதான்.

1999-ல் அமெரிக்காவின் மெர்க் கம்பெனி ‘வயாக்ஸ்’ என்ற மாத்திரையை வெளியிட்டது. டி.வி-யைப் போட்டால் அதன் விளம்பரம். 2003-ல் மட்டும் சுமார் 250 கோடி டாலர் விற்பனை. வயிற்றுப் புண் உண்மையிலேயே குறைந்தது. ஆனால், 2000-ல் வெளியான, சுமார் 8,000 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில் விநோதமாக ஒன்று தெரிந்தது. பழைய மருந்தான நாப்ராக்ஸன் சாப்பிட்டவர்களைவிட வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்குப் பல மடங்கு அதிக ஹார்ட் அட்டாக். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? ‘எங்கள் மருந்து இதயத்தைக் கெடுக்கவில்லை, நாப்ராக்ஸன்தான் இதயத்தைக் காப்பாற்றுகிறது!’ இப்படியொரு விளக்கத்தை வைத்துக்கொண்டு இன்னும் நாலு வருடம் விற்றார்கள். 2004 செப்டம்பர் 30-ம் தேதி, வேறொரு சோதனையிலும் அதே பூதம் கிளம்பவே, உலகம் முழுவதும் மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நவம்பரில் அமெரிக்க செனட் முன்னால் சாட்சி சொன்ன டேவிட் கிரஹாம் என்கிற மருந்துத் துறை அதிகாரி, 88 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 39 ஆயிரம் அமெரிக்கர்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார். 2007-ல் 485 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது கம்பெனி.

காரணம்? ரத்தக்குழாய்களை விரித்து, ரத்தம் கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்கும் இரண்டாவது காக்ஸ் தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்யும் ப்ராஸ்டாசைக்ளின் என்ற சரக்கை 1976-லேயே கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஜான் வேனின் குழுவேதான்!

வயாக்ஸ் போய்விட்டது, பழைய மாத்திரைகள் யோக்கியம் என்று நினைக்கவும் வழியில்லை. ஆஸ்பிரின் தவிர மற்ற இந்த வகை வலி மாத்திரைகள் எல்லாமே ஹார்ட் அட்டாக், பக்கவாத ஆபத்தைக் கூட்டக்கூடும், முதல் சில வாரங்களிலேயே கூட்டக்கூடும் என்று 2015-ல் அமெரிக்க அரசு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. பிரிட்டனில் அதே வருடம் டைக்ளோஃபினாக் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதை நிறுத்தினார்கள். நம்மூர் சட்டப்படியும் அதற்குச் சீட்டு வேண்டும். சட்டப்படி!

ஐபுப்ரோஃபெனை 1983-ல் பிரிட்டனும் 1984-ல் அமெரிக்காவும் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தன. சும்மா விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் ஒரு மாத்திரை 200 மில்லிகிராம்தான். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளில் 1,200-ஐத் தாண்டக்கூடாது. வலிக்குப் பத்து நாள், ஜுரத்துக்கு மூன்று நாள்தான் என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள். நம் கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரையில் 400 இருக்கிறது, கூடவே 325 பாரசிட்டமால். மூன்று போட்டால் 1,200 ஆகிவிட்டது. அது போதவில்லை என்று வேறு பெயரில், வேறு நிறத்தில் இன்னொன்று வாங்கிப் போடுகிறோம். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தால் அதிலும் ஐபுப்ரோஃபெனோ அதன் சித்தப்பா, பெரியப்பாவோதான் இருப்பார்கள்! இந்தக் குடும்பத்தில் இரண்டு பேரை ஒரே சமயத்தில் வயிற்றுக்குள் விடக்கூடாது. இதயத்துக்காகத் தினமும் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டால், ஆஸ்பிரினை அதன் வேலையைச் செய்யவிடாது. ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. குழந்தைகளுக்கு ஜுரம் என்றால் ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் தம்பியிடம், ‘‘முட்டிக்கு அந்த சிவப்பு மாத்திரை குடுப்பா’’ என்று கேட்கும்போது, பி.பி., சுகர், இதயம் என்று வீட்டில் ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய சீட்டைக் காட்டினால் இன்னும் நல்லது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் காபித்தூள் மாதிரி வந்தாலோ, அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். வலியே இல்லாமல்கூட அப்படிக் கசியும்... வலியைத்தான் மாத்திரை அமுக்கிவிடுகிறதே! மாத்திரையை நிறுத்திவிட்டு, ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சாப்பிட்ட அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.